குன்னூர்க் குளிருக்கு ஒரு டம்ளர் சூடு

ஊட்டிக்கும் கூடலூருக்கும் ஆடி மழை பெரிது. கிழக்குச் சரிவில் இருக்கிற குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. அந்த மழை ஓய்ந்து, மார்கழி பிறந்து, வானம் தெளிந்துவிட்டால் ராத்திரிக் குளிர் எலும்பில் ஏறும். நான் இங்கே வந்தது 1989 டிசம்பரில். சொந்த ஊர் உடன்குடிக்குப் பக்கம். செம்மண் தேரியும் பனைமரமும் கடல் காற்றும் உள்ள இடம். அதுவரை ஸ்வெட்டர் போட்டதில்லை. ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து வந்தவன், முப்பது வருடம் அதே வேலையில் இருந்தேன். பெரும்பாலும் ராத்திரி ஷிப்டு.

தேயிலைத் தொழிற்சாலையில் ராத்திரிதான் வேலை மும்முரம். பகலில் பறித்த பச்சை இலை சாயங்காலம் வந்து சேரும். அதை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு, பல மணி நேரம் வாட்ட வேண்டும். இலை பதமாக வாடிய பிறகு, விடியற்காலையில் அரைக்கிற மிஷின் ஓடத் தொடங்கும். கீழே தூளைக் காய வைக்கிற டிரையர் பக்கம் நின்றால் வேர்க்கும். மாடியில் இலை வாட்டுகிற இடத்துக்குப் போனால் விரல் மடங்காது. ஒரே ராத்திரியில் இருபது தடவை ஏறி இறங்க வேண்டும். அந்த நேரத்தில் வயிற்றுக்குள் சூடாக ஏதாவது போகாவிட்டால் உடம்பு தாங்காது.

டிரையர் பார்த்த ஒரு பெரியவர்தான் எனக்கு முதலில் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். எங்கள் ஊரிலும் ஆச்சி கையால் எவ்வளவோ குடித்திருக்கிறேன். ஆனால் அவர் போட்டது வேறு மாதிரி இருந்தது. தொண்டையில் எரியாமல் நெஞ்சுக்குள் சூடு பரவியது. எப்படி என்று கேட்டேன். “தம்பி, வேர் முதல்ல. விதை அப்புறம். இலை கடைசி. இனிப்பு அடுப்பை அணைச்ச பிறகு. இதை மாத்தாதே” என்றார். அவ்வளவுதான் சொன்னார். இன்றுவரை என் வீட்டு அடுப்பில் போடுகிற எல்லாச் சூட்டுப் பானத்துக்கும் இந்த வரிசைதான். அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் சமாளிக்கலாம், வரிசை மாறினால் ருசி போய்விடும். கீழே நான் சொல்வதை அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

காரணம் எளிதுதான். சுக்கு, இஞ்சி, திப்பிலி வேர் போன்றவை நாரும் கெட்டியுமானவை. அவற்றின் காரம் தண்ணீரில் இறங்க நேரம் வேண்டும். சீரகம், மல்லி, ஏலக்காய் போன்ற விதைகளின் மணம் எண்ணெயாக உள்ளே இருக்கிறது. நிறைய நேரம் கொதித்தால் அது ஆவியோடு பறந்து, சமையலறை மணக்கும், டம்ளரில் ஒன்றும் இருக்காது. துளசி, தேயிலை போன்ற இலைகள் ஒன்றிரண்டு நிமிடத்தில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடும்; அதற்கு மேல் கசப்பும் துவர்ப்பும்தான் வரும்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். உடன்குடியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். இங்கே ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டி இன்னும் உயரம், அங்கே ஒன்றரை டிகிரி அளவுக்கு இன்னும் குறைவு. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவதால் இப்படி. கொதி வந்த பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீர் அந்தச் சூட்டைத் தாண்டாது, வற்றத்தான் செய்யும். அதனால் தீயைக் கூட்டாதீர்கள், நேரத்தைக் கூட்டுங்கள். நான் கீழே சொல்கிற நேரமெல்லாம் குன்னூர்க் கணக்கு. மதுரையிலோ சென்னையிலோ இருப்பவர்கள் வேரைக் கொதிக்க விடுகிற நேரத்தில் இரண்டு நிமிடம் குறைத்துக்கொள்ளலாம்.

சுக்கு மல்லிக் காப்பி

முதலில் சுக்கு வாங்குவது. கடையில் சுக்கு வெள்ளை வெளேரென்று மாவு பூசியதுபோல் இருந்தால் அது சுண்ணாம்பு நீரில் முக்கிக் காய வைத்தது. பார்க்க அழகாக இருக்கும், பூச்சி அரிக்காது. ஆனால் நான் மண்ணிறமாக, தோல் சுருங்கியிருப்பதைத்தான் தேடி வாங்குவேன். ஒரு துண்டை ஒடித்துப் பாருங்கள். உள்ளே வெளிர் மஞ்சளாக, நாரோடு, மூக்கில் ஏறுகிற மணத்தோடு இருக்க வேண்டும். ஓட்டை விழுந்ததும், ஒடித்தால் பொடியாக உதிர்வதும் பழசு.

சுக்கின் தோலைச் சீவிவிட வேண்டும். ‘சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு’ என்று சொல்வார்களே, அதுதான். சித்த மருத்துவத்தில் இதைச் சுத்தி செய்வது என்பார்கள். தோலில் மண்ணும் சுண்ணாம்பும் ஒட்டியிருக்கும் என்பதை யோசித்தாலே சீவுவதற்குக் காரணம் போதும். சிறு கத்தியால் சுரண்டினால் வந்துவிடும்.

ஒரு மாதத்துக்கு வேண்டிய பொடிக்கு நான் வைக்கும் அளவு இது: கொத்தமல்லி விதை 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு 15 கிராம், சீரகம் 10 கிராம், திப்பிலி 5 கிராம், ஏலக்காய் எட்டு. சிலர் அதிமதுரமும் சேர்ப்பார்கள். தொண்டைக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தினமும் அதிமதுரம் குடித்தால் அழுத்தம் ஏறும். என் மனைவிக்கு அழுத்தம் உண்டு என்பதால் எங்கள் வீட்டில் அது கிடையாது.

சுக்கை அப்படியே மிக்ஸியில் போடாதீர்கள், பிளேடு உடைந்துவிடும். உரலிலோ, கெட்டித் துணியில் சுற்றி அம்மிக் குழவியாலோ முதலில் நசுக்குங்கள். மல்லியை வெறும் வாணலியில் சிறு தீயில் வறுங்கள். நிறம் மாறத் தேவையில்லை. ‘வாசம் வந்துவிட்டது’ என்று உங்களுக்கே தோன்றுகிற நொடியில் இறக்கிவிடுங்கள். மிளகையும் திப்பிலியையும் சூடு ஏறுகிற அளவுக்குப் புரட்டினால் போதும். சீரகத்தையும் ஏலக்காயையும் வறுக்க வேண்டாம். எல்லாம் நன்றாக ஆறிய பிறகே அரைக்க வேண்டும். சூட்டோடு அரைத்தால் பொடி வேர்த்து, பத்து நாளில் பூசணம் வாடை அடிக்கும். ரவை பதத்துக்கு, கொஞ்சம் கரகரப்பாக அரையுங்கள். மாவாக அரைத்தால் வடிகட்டியில் இறங்கி அடியில் சேறாக நிற்கும்.

எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த பொடியில் வரிசை எங்கே வந்தது என்று கேட்கலாம். அதற்காகத்தான் நான் சுக்கையும் திப்பிலியையும் தனியாக ஒரு பாட்டிலில் வைக்கிறேன், மல்லி, மிளகு, சீரகம், ஏலக்காயை இன்னொரு பாட்டிலில். இரண்டு பாட்டில் வைப்பது தொல்லையாகத் தெரியும். ஒரு வாரம் செய்து பாருங்கள், பிறகு ஒரே பாட்டிலுக்குத் திரும்ப மாட்டீர்கள்.

இரண்டு பேருக்குப் போடுகிற முறை: மூன்று டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சுக்குப் பொடியைப் பச்சைத் தண்ணீரிலேயே போட்டு அடுப்பில் வையுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து எட்டு நிமிடம் விடுங்கள். தண்ணீர் பழுப்பாகும், ஆவியில் காரம் தெரியும். இப்போது இரண்டு தேக்கரண்டி மல்லிப் பொடி. இரண்டு நிமிடம். அப்புறம் துளசி நாலைந்து இலை கிள்ளிப் போட்டு, அடுப்பை அணைத்து, மூடி வையுங்கள். மூன்று நிமிடம் மூடியே இருக்கட்டும். பிறகு துணியில் வடிகட்டி, கருப்பட்டி சேருங்கள். மூன்று டம்ளர் இரண்டாக வற்றியிருக்கும்.

இதில் பால் சேர்க்கக் கூடாது. சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. பால் சேர்ந்தால் காரம் அமுங்கிவிடும். காரம் தொண்டையில் படத்தானே இதைப் போடுகிறோம்?

கருப்பட்டி பற்றிச் சொல்லாமல் இதை விட முடியாது, என் ஊர்ச் சரக்கு. பங்குனி தொடங்கி ஆடி வரை பனைமரத்தில் பதநீர் இறங்கும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால்தான் அது புளித்துக் கள்ளாகாமல் பதநீராக இருக்கும். அதைப் பெரிய தாச்சியில் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி ஆற விடுவார்கள். கருப்பட்டியின் அடிப்பக்கம் உருண்டையாக இருப்பது சிரட்டையின் அச்சு. இப்போது சீனிப்பாகு கலந்த கருப்பட்டி நிறைய வருகிறது. உடைத்துப் பாருங்கள். உடைத்த இடம் சீனி போல மினுங்கினால் எங்கள் ஊரில் அதை வாங்க மாட்டார்கள். நல்ல கருப்பட்டி உடைத்த இடத்தில் மங்கலாக இருக்கும், வாயில் போட்டால் இனிப்போடு லேசான உப்பும் புகை வாசமும் தெரியும்.

கருப்பட்டியை நேரே டம்ளரில் போடாதீர்கள். மணலும் தும்பும் இருக்கும். நான் கால் கிலோவை நசுக்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, மறுபடி ஒரு கொதி விட்டு, ஆற வைத்துக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். பத்து நாளைக்கு வரும். ஒரு டம்ளருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். ஒன்று மட்டும்: கருப்பட்டிதானே, சர்க்கரை நோய்க்கு ஒன்றும் செய்யாது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. அதிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். நோய் உள்ளவர்கள் சுக்குக் காப்பியை இனிப்பில்லாமல், ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடிக்கட்டும். என் அண்ணன் அப்படித்தான் குடிக்கிறார், இப்போது அதுதான் அவருக்குப் பிடித்திருக்கிறது.

இஞ்சி டீ

அண்ணனும் மைனியும் ஒரு தை மாதம் முதல் தடவையாக மலைக்கு வந்திருந்தார்கள். காலை ஆறு மணி, வெளியே புல் மேல் வெள்ளையாகப் பனி. நல்ல இஞ்சி டீ கொடுக்க ஆசைப்பட்டு, அவசரத்தில் பாலையும் தண்ணீரையும் நசுக்கிய இஞ்சியையும் ஒன்றாக வைத்துவிட்டேன். பால் திரிந்துபோனது. வீட்டில் இருந்தது அந்த ஒரு பாக்கெட்தான். “விடுங்க கொழுந்தனாரே, கடுங்காப்பி குடிச்சாப் போச்சு” என்று மைனி சொன்னாலும், குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு நினைத்ததைக் கொடுக்க முடியவில்லையே என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

பால் கெட்டுப்போனதால் திரியவில்லை. பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கிற ஒரு நொதி இருக்கிறது. பால் சூடாகி வரும்போது, கொதி வருவதற்கு முன்னால், 60, 70 டிகிரி அளவில் அது நன்றாக வேலை செய்து பாலைத் திரித்துவிடும். அதே இஞ்சியைத் தண்ணீரில் தனியாகக் கொதிக்க விட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். பிறகு எவ்வளவு பால் ஊற்றினாலும் திரியாது. வேர் முதலில் என்று பெரியவர் சொன்னது ருசிக்காக மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இரண்டு பேருக்கு: கட்டைவிரல் நீள இஞ்சி ஒன்று. தோல் சீவி நசுக்குங்கள், துருவ வேண்டாம். துருவினால் காரம் முரட்டுத்தனமாக இறங்கும். ஒன்றேகால் டம்ளர் தண்ணீரில் போட்டு, கொதி வந்த பிறகு ஆறு, ஏழு நிமிடம். பக்கத்து அடுப்பில் ஒரு டம்ளர் பால் காயட்டும். இஞ்சித் தண்ணீரில் முதலில் ஒரு ஏலக்காயைத் தட்டிப் போடுங்கள். பிறகு இரண்டு தேக்கரண்டி தேயிலைத் தூளைப் போட்டதும் தீயைச் சிறிதாக்கி, சரியாக இரண்டு நிமிடம். காய்ந்த பாலை ஊற்றி, பொங்கி வந்ததும் இறக்கி, வடிகட்டி, கடைசியில் சீனி. வெல்லமோ கருப்பட்டியோ போடுவதாக இருந்தால் டம்ளரில் ஊற்றிய பிறகுதான் போட வேண்டும்; பாலோடு கொதிக்க விட்டால் அதுவும் திரிய வாய்ப்புண்டு.

தூள் பற்றி: டீக்கடைக்குப் போகிற டஸ்ட், பெயரைப் போலக் கழிவு இல்லை. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டி அரைக்கிற சி.டி.சி. முறையில் வருகிறவற்றைச் சலித்து, அளவுப்படி பிரித்ததில் மிகச் சின்னது அது. சின்னதாக இருப்பதால் சாறு சட்டென்று இறங்கும். பாலோடு குடிக்க அதுதான் சரி. அதை ஐந்து நிமிடம் கொதிக்க விடுகிறவர்கள் காசு கொடுத்துத் துவர்ப்பை வாங்குகிறார்கள். கடுப்பாக வேண்டுமென்றால் தூளைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள்.

தொட்டுக்கொள்ள வர்க்கி இருந்தால் விசேஷம். எங்கள் ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மொறுமொறுவென்று அடுக்கடுக்காக இருப்பதை இஞ்சி டீயில் ஒரு நொடி முக்கி எடுத்துச் சாப்பிட வேண்டும். இரண்டு நொடி என்றால் உடைந்து அடியில் போய்விடும்.

பனிக்காலத்து இலை டீ

இது பால் இல்லாமல் குடிப்பது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிரில் தேயிலைச் செடி மெதுவாகத்தான் துளிர்க்கும். வரத்து குறைவு, ஆனால் அந்த இலையில் வருகிற பூ மணம் வேறு எந்த மாதத்திலும் வராது. அதை அரைக்காமல், உருட்டிச் சுருட்டி ஆர்தடாக்ஸ் முறையில் செய்ததை ஃபிராஸ்ட் டீ என்று விற்பார்கள். விலை கூடுதல்தான். நூறு கிராம் வாங்கி வைத்தால் ஒரு ஆள் ஒரு மாதத்துக்கு மேல் குடிக்கலாம்.

இதை அடுப்பில் வைத்துக் கொதிக்க விடுவது பாவம். ஒரு கெட்டிலிலோ மூடியுள்ள பாத்திரத்திலோ வெந்நீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டி, பாத்திரத்தை முதலில் சூடாக்குங்கள். குளிர்காலத்தில் இதை விட்டுவிட்டால் பாத்திரமே பாதிச் சூட்டைக் குடித்துவிடும். ஒரு டம்ளருக்கு ஒரு தேக்கரண்டி குவியலாக இலை. தளதளவென்று கொதித்த தண்ணீரை மேலே ஊற்றி மூடி, நான்கு நிமிடம். வடிகட்டிய பிறகு நிறம் பொன்னாக இருக்கும். பாதி டம்ளர் அப்படியே குடித்துப் பார்த்துவிட்டு, வேண்டுமானால் மீதியில் தேனும் இரண்டு சொட்டு எலுமிச்சையும். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எதிலும் தேன் கலந்து கொடுக்கவே கூடாது.

சூட்டின் அளவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குளிர் என்பதற்காகக் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதைப் பெருமையாக நினைப்பவர்கள் எங்கள் ஷிப்டில் இருந்தார்கள். நானும் குடித்தேன். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களைத் தொடர்ந்து குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2016-இல் சொன்னது. டம்ளரில் ஊற்றி நாலைந்து நிமிடம் கழித்துக் குடியுங்கள். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தால் அந்த நேரத்தில் விரல்களுக்கும் சூடு கிடைக்கும்.

அதேபோல, குளிருக்கு ஒரு மடக்கு பிராந்தி நல்லது என்று சொல்பவர்களைக் கேட்காதீர்கள். சாராயம் தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவருவதால் சூடு ஏறியதுபோலத் தோன்றும். உண்மையில் உடம்பின் சூடு வெளியே போகிறது. இன்னொன்று, மலைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் அறைக்குள் கரி அடுப்பை மூட்டி, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குவது. கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். அப்படி நடந்த செய்திகளை இந்த மலையில் பலமுறை கேட்டிருக்கிறேன். தயவு செய்து செய்யாதீர்கள்.

மஞ்சள் மிளகுப் பால்

இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு டம்ளர் பாலில் கால் தேக்கரண்டி மஞ்சள் தூள். மஞ்சளும் வேர்தான், அதனால் பால் காயத் தொடங்கும்போதே போட்டுச் சிறு தீயில் ஐந்து நிமிடம் காய விட வேண்டும். பச்சை வாடை போனால்தான் குழந்தைகள் குடிக்கும். ஆறு மிளகைத் தட்டி, இறக்குகிற நேரத்தில் போடுங்கள். கால் தேக்கரண்டி நெய். மஞ்சளில் உள்ள சத்து கொழுப்பில்தான் கரையும். மிளகு அது உடம்பில் சேர உதவும். பனங்கற்கண்டு கடைசியில். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் மிளகை இரண்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ராகிக் கஞ்சி

காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு டீ மட்டும் போதாது. ராகியை முளைகட்டிச் செய்கிற கஞ்சி மூன்று மணி நேரம் தாங்கும். முளைகட்டினால் ராகியின் மாவுச்சத்து உடைந்து, கஞ்சி கொழகொழவென்று இறுகாமல் குடிக்கிற பதத்தில் இருக்கும், லேசாக இனிக்கவும் செய்யும்.

கீழே சமவெளியில் ஒரு ராத்திரி ஊறி, மறுநாளே முளை வந்துவிடும். இங்கே ஜனவரியில் மூன்று நாள் ஆனாலும் முளை வராது. நான் ஊறிய ராகியை ஈரத் துணியில் மூட்டையாகக் கட்டி, அரிசி வைக்கிற டிரம்முக்கு மேலே, அடுப்பிலிருந்து ஒரு கை தூரத்தில் வைப்பேன். ராத்திரி அதை ஒரு பழைய கம்பளித் துண்டில் சுற்றிவிடுவேன். இரண்டாம் நாள் சாயங்காலம் வெள்ளை மூக்கு எட்டிப் பார்க்கும். தினமும் இரண்டு தடவை தண்ணீர் தெளித்துத் திருப்பிப் போட வேண்டும். புளித்த வாடை வந்தால் அந்த மூட்டையைக் கொட்டிவிடுங்கள். முளைத்ததை வெயிலில் காய வைத்து, மணம் வரும்வரை வறுத்து, அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள்.

ஒரு டம்ளருக்கு இரண்டு மேசைக்கரண்டி மாவு. மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் ஊற்றிக் கிளறிக்கொண்டே இருங்கள். வெந்நீரில் மாவைத் தூவினால் கட்டி தட்டும். நிறம் கருத்துப் பளபளப்பு ஏறும்வரை, எட்டு நிமிடம். குழந்தைகளுக்குப் பாலும் கருப்பட்டிப் பாகும். எனக்கு உப்பு, தட்டிய சீரகம், மிளகு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம். சீரகமும் மிளகும் இறக்கிய பிறகுதான்.

கொள்ளு ரசம், டம்ளரில்

சளி கட்டி, மூக்கு அடைத்து, இனிப்பு எதுவும் இறங்காத நாளுக்கு இது. ஒரு கைப்பிடி கொள்ளை ராத்திரியே ஊற வையுங்கள். மலையில் திறந்த பாத்திரத்தில் கொள்ளு லேசில் வேகாது. குக்கரில் மூன்று டம்ளர் தண்ணீர் விட்டு எட்டு விசில். வெந்த தண்ணீரை வடித்து எடுத்துக்கொண்டு, கொள்ளில் இரண்டு கரண்டியை மட்டும் மசித்து அதிலேயே கலந்துவிடுங்கள். மீதிக் கொள்ளு சுண்டலுக்கு.

சின்ன நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, உப்பு, மஞ்சள், நசுக்கிய தக்காளி ஒன்று சேர்த்துப் பச்சை வாடை போகும்வரை கொதிக்க விடுங்கள். பிறகு கொள்ளுத் தண்ணீர். ஒரு தேக்கரண்டி மிளகு, அரைத் தேக்கரண்டி சீரகம், ஐந்து பல் பூண்டு மூன்றையும் அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டு, ஓரத்தில் நுரை கட்டி வரும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் ரசம் இல்லை, குழம்பு. கறிவேப்பிலையும் மல்லித்தழையும் இறக்கிய பிறகு. கடுகு தாளிக்க நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி. டம்ளரில் ஊற்றி, ஆவியை மூக்கில் வாங்கிக்கொண்டே குடியுங்கள்.

ஃபிளாஸ்க்கில் வைப்பதானால்

என் மனைவி ஒரு முதியோர் இல்லத்தில் ராத்திரி வேலை பார்க்கிறாள். அவளுக்குத் தினமும் நான்தான் ஃபிளாஸ்க் நிரப்புகிறேன். பால் டீயை ஃபிளாஸ்க்கில் ஊற்றினால் இரண்டு மணி நேரத்தில் அதன் ருசி மாறிப் பழைய வாடை வந்துவிடும். அதனால் ராத்திரிக்குச் சுக்குக் காப்பி மட்டும்தான். முதலில் கொதித்த தண்ணீரை ஊற்றி, மூடி, ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிடுகிறேன். பிறகு துளசி இலை ஒன்றுகூட விழாமல் வடிகட்டிய காப்பியைக் கழுத்துவரை ஊற்றுகிறேன். பாதி காலியாக இருந்தால் சூடு சீக்கிரம் இறங்கும். கருப்பட்டிப் பாகைச் சின்னப் பாட்டிலில் தனியாகக் கொடுத்து விடுகிறேன். சாயங்காலம் ஏழரைக்கு நிரப்பியது காலை மூன்று மணிக்கு, அங்கே இருக்கிற பாட்டிமார்களில் தூக்கம் வராதவர்களோடு அவள் பங்கு போட்டுக் குடிக்கும்போது, இன்னும் ஆவி வருகிறதாம். இப்போது அந்தப் பாட்டிகள் கேட்கிறார்கள் என்று ஒரு லிட்டர் ஃபிளாஸ்க் வாங்கியிருக்கிறோம். சுக்குப் பொடி இனி மாதத்துக்கு இரண்டு தடவை அரைக்க வேண்டும்.